நெஞ்செரிவை இருதய எரிவு என்று எழுதிய நாள்

யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மருத்துவ அறிக்கை, வேலைக் கடிதம், சங்கத்துக் கணக்கறிக்கை என்று இந்த ஊரில் ஒரு மனிதர் கையில் என்னென்ன காகிதம் இருக்குமோ அத்தனையும் என் மேசைக்கு வரும். 2011இல் தொடங்கினேன். முதல் இரண்டு வருடங்களில் நான் விட்ட பெரிய பிழைகளை இப்போது எண்ணிப் பார்த்தால், கடினமான சொற்களில் விட்டது மிகக் குறைவு. கடினமான சொல் வந்தால் அகராதியை எடுப்பேன், நாலு பேரிடம் கேட்பேன். எனக்குத் தெரியும் என்று நினைத்த சொற்களில்தான் விழுந்தேன். இரண்டு சின்னச் சொற்கள் ஒட்டி ஒன்றாக நிற்கும். இரண்டும் சின்ன வகுப்பிலேயே படித்தவை. அகராதியைத் தொடக்கூடத் தோன்றாது.

கொக்குவிலில் இருந்து வந்த ஒரு அம்மாவின் கதையை முதலில் சொல்கிறேன். லண்டனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கே பார்த்த டொக்டர் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. இங்குள்ள டொக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் தனக்கு என்ன என்று தானே அறிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. "தம்பி, இதிலை என்ன கிடக்கு எண்டு தமிழிலை வடிவா எழுதித் தாரும். மகன் போனிலை ஒண்டும் விளங்கச் சொல்லுறானில்லை" என்றார். கடிதத்தில் 'ஹார்ட்பேர்ன்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. ஹார்ட் என்றால் இருதயம், பேர்ன் என்றால் எரிவு. 'நீண்டகாலமாக இருதய எரிவு உள்ளது' என்று எழுதி, அச்செடுத்து, கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

நாலு நாள் அந்த அம்மா படி ஏறவில்லை. வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போகவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளவில்லை. இரவில் நெஞ்சில் கை வைத்தபடியே படுத்திருந்தாராம். ஐந்தாம் நாள் டொக்டரிடம் போனபோது அவர் ஆங்கிலக் கடிதத்தையும் என் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, இது நெஞ்செரிவு, இரைப்பையில் உள்ள அமிலம் மேலே உணவுக்குழாய்க்குள் வருவதால் வரும் எரிவு, இருதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். அந்த அம்மா திரும்பவும் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, இனி ஆருக்கும் இப்பிடி எழுதிப்போடாதையும், பயந்து செத்துப்போவினம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் நிற்கிறது.

நெஞ்சில் எரிவு என்று எவருக்காவது வந்தால் அது எது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். இருதய வருத்தத்திலும் அப்படி ஒரு உணர்வு வரலாம். நான் சொல்ல வருவது சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் உருவானபோது, இருதயம் இருக்கும் பக்கத்தில் தெரியும் எரிவு என்ற கருத்தில் உருவானது. இருதயம் எரிகிறது என்று அது சொல்லவில்லை. எங்கள் தமிழிலும் நெஞ்செரிவு என்கிறோம். எரிவது நெஞ்சுக்கூடு அல்ல என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தமிழ்ச் சொல் எங்கள் வீட்டில் அம்மம்மா சொன்ன சொல். ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அது என் நினைவுக்கு வரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

கொஞ்ச நாளில் கோண்டாவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஓய்வூதியக் காகிதங்களோடு வந்தார். காத்திருந்த நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தொகையை விரிக்காமல் பொருள் சொல்லலாமோ தம்பி?"

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நடுவில் உள்ள உறவு மறைந்து ஒட்டி நிற்கும் சொற்கள்தான் தொகை. நன்னூல் சொல்லும் ஆறு தொகை: வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. சோதனைக்குப் பாடமாக்கி, சோதனை முடிந்ததும் விட்டுவிட்ட ஒன்று. ஐயா என் மேசையில் கிடந்த பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். தேங்காயெண்ணெய் என்றால் தேங்காயில் இருந்து எடுத்த எண்ணெய். அப்ப 'பேபி ஒயில்' என்றால்? குழந்தைக்குப் பூசும் எண்ணெய். 'என்ஜின் ஒயில்' என்றால்? என்ஜினுக்கு விடும் எண்ணெய். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும், உள்ளே மறைந்திருக்கும் உறவு மூன்றிலும் வேறு. அந்த உறவைச் சொல்லவில்லை என்றால் நீ மொழிபெயர்க்கவில்லை, ஊகிக்கிறாய் என்றார்.

'வோக்கிங் ஸ்ரிக்' நடக்கும் தடி அல்ல, நடக்க உதவும் தடி. 'ட்ரிங்கிங் வோட்டர்' எங்கள் குடிநீர் மாதிரி, குடிப்பதற்கான நீர். ஆனால் அதே உருவத்தில் வரும் 'பொயிலிங் வோட்டர்' கொதித்துக்கொண்டிருக்கும் நீர். 'பிக்பொக்கெட்' ஒரு பொக்கெட்டே அல்ல, பொக்கெட்டில் கை வைக்கும் ஆள். அது அசல் அன்மொழித்தொகை. பொற்றொடி வந்தாள் என்றால் வந்தது வளையல் அல்ல, வளையல் போட்ட பெண். நான் பாடமாக்கியிருந்த இலக்கணமே எனக்குப் பிழைப்புக்கு வேண்டிய கருவியாக இருந்தது.

அந்தப் பின்னேரம் எனக்குத் தெளிந்த இன்னொன்று: எது தலை, எது அடை என்று பார்ப்பது. ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் கடைசிச் சொல்தான் பொருளைச் சுமக்கும். தமிழிலும் அப்படித்தான். மாட்டுவண்டில் என்றால் வண்டில், வண்டில்மாடு என்றால் மாடு. அது தெரிந்தவருக்கு 'ஹவுஸ்போட்' என்றால் குடியிருக்கும் படகு, 'போட்ஹவுஸ்' என்றால் படகு விடும் கொட்டில் என்பது உடனே பிடிபடும். ஆனால் 'வேர்க்ஹவுஸ்' வரும்போது அதுவும் போதாது. வேலை செய்யும் வீடு என்று விரித்தால் பட்டறை என்று எழுதத் தோன்றும். பழைய இங்கிலாந்தில் அது கதியற்ற ஏழைகளை வைத்து, சாப்பாடு போட்டு, வேலை வாங்கிய இடம். வரலாறு தெரியாமல் அந்தச் சொல் திறக்காது.

ஒட்டிய சொல்லா, பக்கத்தில் நிற்கும் இரண்டு சொல்லா என்பதையும் கவனிக்க வேண்டும். 'பிளாக்போர்ட்' என்று முதல் பாதியை அழுத்திச் சொன்னால் வகுப்பறைப் பலகை. இரண்டையும் தனித்தனியே அழுத்தினால் கறுப்பான ஏதோ ஒரு பலகை. தமிழில் நாங்கள் அழுத்தத்தால் அல்ல, புணர்ச்சியால் காட்டுகிறோம். கரும்பலகை என்று சேர்ந்துவிட்டால் அது பச்சை நிறத்தில் இருந்தாலும் கரும்பலகைதான். நல்லெண்ணெயும் அப்படி. என் அக்காவின் மகள் கனடாவுக்கு அனுப்பும் பார்சலில் போட்ட சாமான்களின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு 'குட் ஒயில்' என்று எழுதிவிட்டாள். அவளை நான் ஏசவில்லை. இருதய எரிவு எழுதியவன் ஏசலாமா? எள்ளெண்ணெய் என்று திருத்தினோம்.

இதுவரை சொன்னது சொல்லுக்குள் இருக்கும் உறவு. அதைவிடப் பெரிய விஷயம், சொல் எந்தத் துறைக்குள் நிற்கிறது என்பது. இதை எனக்குக் காட்டியது ஒரு காணி உறுதி.

எங்கள் பக்கத்து ஆங்கில உறுதிகளில் காணியின் அளவு 'லாச்சம்ஸ் வரகு கல்ச்சர்' என்று வரும். லாச்சம் என்பது எங்கள் பரப்பு. என்னிடம் வேலை பழக வந்த பிள்ளை ஒருத்தி நாலு பரப்புக் காணியை 'நான்கு பரப்பு வரகுக் கலாசாரம்' என்று எழுதி வைத்திருந்தாள். படித்த பிள்ளை, கெட்டிக்காரி. கல்ச்சர் என்றால் கலாசாரம் என்று அவளுக்கு எல்லோரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே அந்தச் சொல்லுக்குப் பயிரிடுதல் என்று பொருள். வரகு விதைப்பைக் கொண்டு நிலத்தை அளந்த காலத்தின் மிச்சம் அது. 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச்சஸ். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். வரகு என்ற சொல்லை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. நெல் விதைப்பைக் கொண்டு அளந்த பரப்பு வேறு அளவு. சகோதரங்களுக்குள் காணி பிரிக்கும்போது அந்த ஒரு சொல்லால் வேலி நகரும்.

அதே வாரம் போதனா வைத்தியசாலைக்குப் போய்வந்த ஒருவர் 'யூரின் கல்ச்சர்' என்ற அறிக்கையைக் கொண்டுவந்தார். அங்கே கல்ச்சர் என்றால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை. அடுத்து ஒரு தோட்டக்காரர், வாழைக்கன்று வாங்கிய பற்றுச்சீட்டோடு. அதில் 'ரிஷ்யூ கல்ச்சர்'. இழைய வளர்ப்பு என்று எங்கள் விஞ்ஞானப் புத்தகங்களில் இருக்கிறது: தாய் மரத்தில் இருந்து எடுத்த சின்ன இழையத்துண்டை ஆய்வுகூடத்தில் வளர்த்து எடுக்கும் கன்று. மூன்று காகிதத்தையும் அந்தப் பிள்ளை முன்னால் வைத்து, மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எல்லாத்திலையும் எதையோ வளர்க்கினம் அண்ணை" என்றாள். சரி. நிலத்தில் வரகு, கிண்ணத்தில் கிருமி, போத்தலுக்குள் வாழை. லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் உழுது பண்படுத்துவது. எங்கள் பண்பாடு என்ற சொல்லும் பண்படுத்துதலில் இருந்து வந்ததுதானே என்று அவளே சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு சொல்லின் அடியில் இருக்கும் மண்ணைக் கண்டுவிட்டால் அது எந்தத் துறைக்குப் போனாலும் அடையாளம் தெரியும்.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி வழிவிடாது. வியாபாரத்தில் வரும் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்பதை உறங்கும் பங்காளி என்று எழுதிய தாள்களைக் கண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் காசு போட, இங்கே தம்பியோ மச்சானோ கடை நடத்துவது எங்கள் ஊரில் சாதாரணம். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இந்தச் சொல் வந்தால், முதல் போட்டிருப்பார், நிர்வாகத்தில் தலையிடமாட்டார் என்று விரித்து எழுத வேண்டும். உறங்குகிறார் என்றால் அவருக்குப் பொறுப்பில்லை என்று கடைக்காரரும் நினைப்பார், காசு போட்டவரும் நினைப்பார். ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்ட மரபில் அவர் கடையின் கடனுக்குப் பொறுப்பாளிதான். வார்த்தை உறங்குகிறது, கடன் உறங்காது. இப்படியான காகிதத்தைக் கொண்டுவருபவர்களிடம் கையெழுத்து வைக்குமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள் என்று நான் சொல்லாமல் விடுவதில்லை.

'ஸ்ரேக்ஹோல்டர்' இன்னொன்று. போருக்குப் பிந்திய வருடங்களில் இங்கே நடந்த கூட்டங்களில் இந்தச் சொல் வராத நாள் இல்லை. பங்குதாரர் என்று எழுதிக்கொண்டிருந்தோம். அது 'ஷெயார்ஹோல்டர்', கம்பனியில் பங்கு வைத்திருப்பவர். குளம் திருத்தும் திட்டத்தில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் பங்குதாரர் என்று எழுதினால், எங்களுக்கு இலாபத்தில் எவ்வளவு என்று அவர்கள் கேட்பது நியாயம். கேட்டும் இருக்கிறார்கள். இந்தத் திட்டத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய தரப்பினர் என்பதுதான் பொருள். சம்பந்தப்பட்ட தரப்பினர் என்று எழுதினால் போதும். பிறகு ஒருநாள் இங்கிலாந்தில் வீடு விற்றவரின் சட்டக் கடிதம் ஒன்று வந்தது. அதில் அதே சொல்லுக்கு மூன்றாவது பொருள்: வாங்குபவர் கட்டிய முற்பணத்தை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, விற்பனை முடியும்வரை வைத்திருப்பவர். பழைய பொருளுக்கு இதுதான் கிட்ட. பந்தயம் பிடிப்பவர்கள் இரண்டு பேரும் காசை நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள், அவருக்குத்தான் முதலில் இந்தப் பெயர் இருந்தது.

இப்போது நான் விட்ட பிழைகளில் மிக மோசமானது. சொல்ல மனம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம். வெளி நிறுவனம் ஒன்று கொடுத்த சுழற்சி நிதியில் இருந்து ஆட்டுக்கும் தையல் மெசினுக்கும் மாறி மாறிக் கடன் எடுத்து, கட்டி, அடுத்தவருக்கு விடுவார்கள். வருட முடிவில் ஆங்கிலத்தில் ஒரு கணக்கறிக்கை வந்தது. ஒரு வசனத்தில், நிதி தொடர்பாக 'ஓவர்சைட்' இருக்கவில்லை என்று இருந்தது. எனக்குத் தெரிந்த பொருள் கவனப்பிழை. 'நிதி தொடர்பாகக் கவனப்பிழை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன். பொதுக்கூட்டத்தில் அதை வாசித்தார்கள். கை தட்டினார்கள். செயலாளர் பிள்ளை எனக்குப் போன் எடுத்து நன்றி சொன்னாள்.

அறிக்கை சொன்னது நேர் எதிர்: நிதியை மேற்பார்வை செய்ய ஒருவரும் இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, இவ்வளவு தெளிவாக எழுதியும் நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்று நிறுவனத்தில் இருந்து கேட்டு வந்தார்கள். அடுத்த சுற்றுக் கடன் நின்றுபோனது. மாரிக்கு முன் கூரை மேய வேண்டும் என்று காத்திருந்த ஒருவர் அந்தச் சுற்றில் இருந்தார். நான் சைக்கிளில் போய், அவர்களுடைய கூட்டத்தில் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். திருத்திய அறிக்கையையும் என் கடிதத்தையும் நிறுவனத்துக்குக் கொடுத்தோம். கடன் பிறகு வந்தது, மாரி முடிந்து.

ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்ப் பொருளைத் தரும்? மேலே நின்று பார்த்தால் எல்லாவற்றையும் கண்காணிக்கலாம். மேலே நின்று பார்த்தால் கீழே உள்ள ஒன்று கண்ணில் படாமலும் போகலாம். ஆங்கிலம் இரண்டு வழியாலும் போய் ஒரே சொல்லில் வந்து நின்றது. தமிழிலும் மேற்பார்வை என்றால் கண்காணிப்பு, மேலோட்டமான பார்வை என்றால் கவனமில்லாத பார்வை. நல்லகாலம், நாங்கள் இரண்டு சொல்லாக வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முன்னால் 'ஆன்' என்ற ஒருமைச் சொல் வந்து, நடந்துபோன ஒன்றைச் சொன்னால் அது பெரும்பாலும் தவறு. அந்த முன்னொட்டு இல்லாமல், பின்னால் 'ஒஃப்' வந்து எதன் மீது என்று சொன்னால், அல்லது கமிற்றி, போர்ட் என்ற சொற்களோடு வந்தால் அது மேற்பார்வை. அப்புறமும் சந்தேகம் இருந்தால் எழுதியவரிடம் கேட்க வேண்டும். அன்றைக்கு நான் ஒரு போன் எடுத்திருந்தால் போதும்.

முன்னும் பின்னும் மாறினாலே பொருள் மாறும் சொற்களும் உண்டு. 'அவுட்பிரேக்' என்றால் நோய் திடீரெனப் பரவுவது. திருப்பிப் போட்டு 'பிரேக்அவுட்' என்றால் சிறையில் இருந்து தப்புவது, தோல் வைத்தியரிடம் என்றால் முகத்தில் பரு கிளம்புவது. 'பிரேக்டவுன்' காராச்சில் வாகனம் நிற்பது, கணக்காளரிடம் செலவைப் பிரித்துக் காட்டுவது, மனநல மருத்துவரிடம் மனம் உடைந்துபோவது. 'செற்பாக்' சாதாரணப் பேச்சில் பின்னடைவு. வீட்டு வரைபடத்தில் வீதிக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. வரைபடத்தில் பின்னடைவு என்று எழுதிக் கொடுத்தால் மேசன் என்ன செய்வார்?

நீர்வளத் திட்ட அறிக்கைகளில் வரும் 'வோட்டர்ஷெட்' பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் நிலத்தோடு சம்பந்தப்பட்டது. ஷெட் என்றதும் எங்களுக்குக் கொட்டில் ஞாபகம் வரும். அந்தச் சொல்லில் இருப்பது பிரித்தல் என்ற பழைய வினை. மழைநீர் இந்தப் பக்கம் போகுமா அந்தப் பக்கம் போகுமா என்று பிரிக்கும் மேட்டைப் பிரித்தானியர் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்கர் அந்த மேடுகளுக்கு நடுவே தண்ணீர் சேரும் பரப்பு முழுவதையும் அப்படிச் சொல்கிறார்கள். அதாவது ஒருவருக்கு வரம்பு, மற்றவருக்கு வயல். வழுக்கையாற்றைப் பற்றிய அறிக்கை என்றால், எழுதியவர் எந்த ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று பார்த்த பிறகுதான் நீரேந்து பிரதேசம் என்று எழுதலாம். அதே சொல் வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் திருப்புமுனை.

'டெட்லைன்' என்ற சொல்லை ஒருநாள் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜோர்ஜியாவில் அண்டர்சன்வில் என்ற சிறைமுகாம். மதிலுக்கு உள்ளே ஒரு கோடு இருந்தது. கைதி அதைத் தாண்டினால் சுட்டுவிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு வைத்த பெயர் அது. பத்திரிகைக் கந்தோருக்கு வந்து காலக்கெடு ஆனது பிறகுதான்.

மொழிக்குள்ளேயும் ஊருக்கு ஊர் வேறுபாடு இருப்பதை மறக்கக்கூடாது. 'கிறீன்ஹவுஸ்' என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் பச்சைவீடு என்று சொல்லும், தமிழ்நாட்டில் பசுமைக்குடில், பசுமை இல்லம் என்று எழுதுவார்கள். வாசிப்பவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

வழிமுறை என்று நான் வைத்திருப்பது பெரிய ஒன்றும் இல்லை. கோண்டாவில் ஐயா சொன்னபடி, கூட்டுச்சொல் வந்தால் முதலில் அதை ஒரு முழு வசனமாக விரித்து ஓரத்தில் எழுதுவேன். விரிக்க முடியவில்லை என்றால் எனக்கு அது தெரியாது என்று அர்த்தம். பிறகு இது எந்தத் துறை, அந்தத் துறையில் வேலை செய்பவர் தமிழில் இதை எப்படிச் சொல்கிறார் என்று தேடுவேன். காணி என்றால் நொத்தாரிசு, அளவையாளர். வருத்தம் என்றால் தாதிமார். அவர்களுக்குத்தான் நோயாளிக்கு விளங்கும் சொல் தெரியும். 'லொக்ஜோ' என்பதற்குத் தாடைப் பூட்டு என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு தாதி, "இது ஏற்பு வலி அண்ணை, ஏற்பூசி போடுறது இதுக்குத்தானே" என்றார். 'சிக்கன்பொக்ஸ்' என்றால் கோழியால் வருவதா என்று கேட்பவர்களும் உண்டு. கோழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கொப்புளிப்பான்.

இவற்றைத் துறைவாரியாகக் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறேன். காணிக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வேலைக் கடிதங்களுக்கு ஒன்று. ஒரே சொல் நாலு கொப்பியிலும் நாலு பொருளோடு இருக்கும். இது எங்கள் மண்ணுக்குப் புதிய வழக்கமும் இல்லை. 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு துறைவாரியான சொற்பட்டியல்களும் தொகுத்தவர். மானிப்பாய்ப் பக்கம் போகும்போது அவர் பெயரில் உள்ள ஆஸ்பத்திரியைப் பார்த்தால் எனக்கு என் கொப்பிகள்தான் ஞாபகம் வரும்.

போன கிழமை ஒரு பெடியன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வெளிநாட்டு வேலைக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். தாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். என்ன வேலை என்று கேட்டேன். "வீடு பாக்கிற வேலை அண்ணை. கெயார்டேக்கர். ஆக்கள் இல்லாத வீட்டைப் பாத்துக்கொண்டா சரியாம்" என்றான். ஏஜென்சிக்காரர் அப்படித்தான் சொன்னாராம். பாதிக் காசு கட்டிவிட்டான்.

கடிதத்தில் கெயார்டேக்கர் இல்லை. 'லிவ்-இன் கெயார்கிவர்' என்று இருந்தது. வேலை பழகும் பிள்ளை கொப்பியை எடுத்தாள். நான் தாளின் ஓரத்தில் விரித்து எழுதினேன்: முதியவர் ஒருவருடைய வீட்டிலேயே தங்கி, அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து நேரம் பார்த்து, இரவிலும் எழும்பிக் கவனிக்கும் வேலை. அவன் அதை இரண்டு தரம் வாசித்தான். வேலையில் குறை ஒன்றும் இல்லை, நல்ல வேலை, ஆனால் நீ கேட்ட வேலை இது இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

"அம்மம்மாவைக் கடைசி இரண்டு வருசமும் நான்தான் தூக்கிப் பாத்தனான் அண்ணை. அது எனக்கு ஏலும்" என்றான். பிறகு 'லிவ்-இன்' என்ற இடத்தில் விரலை வைத்தான். "அப்ப லீவு நாளிலையும் நான் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாதோ?"

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அதை ஒரு கேள்வியாக ஆங்கிலத்தில் எழுதி, அனுப்பச் சொல்லி அவனிடம் கொடுத்தேன்.